எல்லாச் செல்களையும் எண்ணாமல் சரியான எண்ணிக்கையைப் பெறுவது எப்படி?

ஒரு திசுவின் செல்களை மதிப்பிட எத்தனை படங்கள் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை என்பதைவிட, எங்கே எடுக்கிறோம் என்பதே முக்கியம். கண்ணுக்குத் தெளிவாகப்பட்ட இடங்களையே படமெடுத்தால், ஆயிரம் எடுத்தாலும் முடிவு ஒருபக்கமாகச் சாயும் பிழை நீங்காது.

முற்றிலும் குலுக்கல் முறையில் எடுத்தால் இடங்கள் ஒருபக்கம் குவியக்கூடும். ஆகவே தொடக்கத்தை மட்டும் குலுக்கித் தேர்ந்து, பிறகு சம இடைவெளியில் நகர வேண்டும்: திசுவைச் சீவி எடுத்த 100 துண்டுகளில் (செக்‌ஷன்களில்) பத்துக்கு ஒன்று என்றால், குலுக்கலில் 7 வந்தபின் 7, 17, 27 என்று 97 வரை எடுக்கிறோம்.

கன அளவின் பங்கை அறிய, படத்தின்மேல் சம இடைவெளியில் புள்ளிகளை வைக்கும் புள்ளிக்கட்டம் போதும். கல்லீரல் படங்களில் விழுந்த 400 புள்ளிகளில் 92 கொழுப்புத்துளிகளின்மேல் விழுந்தால், கொழுப்பின் பங்கு ஏறத்தாழ 23 விழுக்காடு. பரப்பின் பங்கே கனத்தின் பங்கு என்பதை, 1847இல் பாறைகளை ஆராய்ந்த பிரெஞ்சு நிலவியலாளர் தெலெஸ் காட்டினார்.

எண்ணிக்கைதான் சிக்கலானது. பெரிய செல் அதிக செக்‌ஷன்களில் வெட்டுப்படுவதால், வெட்டுமுகங்களை எண்ணினால் பெரியவை மிகுதியாகத் தோன்றும். ஒவ்வொரு செல்லையும் ஒருமுறை மட்டுமே எண்ணும் டைசெக்டர் முறை 1984இல் வெளியாகி இதைத் தீர்த்தது. அதன் ஒளியியல் வடிவத்தில், தடித்த செக்‌ஷனுக்குள் நுண்ணோக்கியின் குவியத்தை மெல்ல இறக்கி, குறித்த ஆழத்துக்குள் புதிதாகத் தெளிவடையும் உட்கருவை மட்டும் எண்ணுகிறோம். எண்ணும் பரப்பைக் குறிக்கும் சதுரச் சட்டகத்தின் இடக்கோட்டையோ கீழ்க்கோட்டையோ தொடுவது கணக்கில் சேராது. செக்‌ஷன்களில் பத்திலொன்று, பரப்பில் ஐம்பதிலொன்று, தடிமனில் பாதி பார்த்து 150 செல்கள் கிடைத்தால், மொத்தம் 150 × 10 × 50 × 2 = 1,50,000.

ஒரு விலங்கில் 100 முதல் 200 செல்கள் எண்ணுவதே பெரும்பாலும் போதும். விலங்குகளுக்கிடையிலான வேறுபாடே பெரிது என்பதால், மிஞ்சும் நேரத்தை இன்னொரு விலங்குக்குச் செலவிடுங்கள்.