லவ்ஜாயின் தலையில் இருந்த ரத்தம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் என் மகளுக்கு 'டைட்டானிக்' போட்டுக் காட்டினேன். எனக்கு அது ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ. கப்பல் இரண்டாகப் பிளக்கும் இடத்தில் அவள் படத்தை நிறுத்தி, "அப்பா, இந்த ஆளுக்குத் தலையில ஏன் ரத்தம்?" என்று கேட்டாள். நாயகி ரோஸுக்கு நிச்சயித்த பணக்காரன் கால் ஹாக்லி, அவனுடைய கையாளாக வரும் லவ்ஜாயைத்தான் கேட்கிறாள். பின்னால் ஓட்டிப் பார்த்தோம். அவனை யாரும் அடிக்கவே இல்லை. முதலாளிக்கு வழி உண்டாக்கப் போய்க் கூட்டத்தில் அடிபட்டிருப்பான் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை. இது கன்டினியூட்டி தவறா, அதாவது காட்சிக்குக் காட்சி பொருந்தாமல் போன பிழையா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தவறு இல்லை. அடி விழுந்தது உண்மை. அடித்தவன் நாயகன் ஜாக். அடித்த காட்சியைத்தான் வெட்டிவிட்டார்கள்.

படத்தில் இருப்பது இவ்வளவுதான்: பெரிய படிக்கட்டில் லவ்ஜாயின் கோட்டுக்குள்ளிருந்து கால் ஹாக்லி துப்பாக்கியை உருவிக்கொண்டு, ஜாக்கையும் ரோஸையும் சுட்டபடி கீழே துரத்துகிறான். தோட்டா தீர்ந்துபோகிறது. திடீரென்று சிரிக்கிறான். தான் ரோஸுக்குப் பரிசளித்த வைரம் கோட்டுப் பையில் இருக்கிறது, அந்தக் கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டதே தான்தான் என்று அப்போதுதான் உறைக்கிறது. அதற்கப்புறம் லவ்ஜாயை நாம் பார்ப்பது கப்பல் பிளக்கும்போதுதான், மண்டையில் ரத்தத்தோடு.

ஆனால் படமாக்கியபோது கதை அங்கே நிற்கவில்லை. வைரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டால் அது உனக்கே என்று கால் ஆசை காட்டுகிறான்.  லவ்ஜாய் நம்பி, அதே துப்பாக்கியோடு இறங்குகிறான். முதல் வகுப்புச் சாப்பாட்டுக்கூடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஜாக்கும் ரோஸும் மேஜைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். தப்பித்துவிடுவார்கள் என்று நினைக்கும்போது ரோஸின் கை மேஜையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் சளப்பென்று விழுகிறது. அவன் திரும்புகிறான். ஜாக் பாய்ந்து அவன் தலையைக் கண்ணாடிச் சன்னலில் மோதுகிறான். உங்கள் மகள் பார்த்த ரத்தம் அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்னால் ஜாக்கைக் குழாயோடு விலங்கிட்டு வைத்திருக்கும்போது, லவ்ஜாய் போகிறபோக்கில் அவன் வயிற்றில் ஒரு குத்து விட்டு, இது மிஸ்டர் கேலடன் ஹாக்லியின் அன்பளிப்பு என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவான். சாப்பாட்டுக்கூடத்தில் ஜாக் அந்தக் குத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு, இது சிப்பேவா ஃபால்ஸ் டாசன்களின் அன்பளிப்பு என்கிறான். ஜாக் டாசனின் சொந்த ஊர் அது. நம்மூர் தியேட்டரில் விசில் பறந்திருக்கும். வெளியான படத்தில் கடன் வாங்கிய வசனம் இருக்கிறது, அடைத்த வசனம் இல்லை.

ஏன் வெட்டினார்கள்? வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகத் திரையிட்டபோது பார்த்தவர்கள், முழுகப்போகிற கப்பலில் பணத்துக்காக எவனாவது உயிரைக் கொடுப்பானா, நம்பும்படி இல்லையே என்றார்களாம். நீளமும் வேகமும் அடுத்த காரணங்கள். வெட்டிய பிறகே படம் 3 மணி 14 நிமிடம்.

அந்த முதல் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில், பத்திரத்தையும் நகையையும் எடுக்க இடுப்பளவுத் தண்ணீரில் வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பணத்துக்காக மனிதன் தாராளமாகத் திரும்பிப் போவான். ஆனாலும் வெட்டியது சரிதான் என்பது என் கட்சி. ஒரே துப்பாக்கி அதே இரண்டு பேரை அடுத்தடுத்து இரண்டு தடவை துரத்துகிறது. முதல் துரத்தலிலேயே சலிப்பு தட்டத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் வில்லன் தண்ணீர்தான். தண்ணீருக்கு முன்னால் கைத்துப்பாக்கி எம்மாத்திரம்?

சரி, காட்சியை வெட்டினார்கள், காயத்தை ஏன் விட்டார்கள்? வேறு வழி இருந்திருக்காது. கப்பல் பிளக்கும் ஷாட்டில் நடிகர் ஏற்கெனவே அந்த ஒப்பனையோடு நிற்கிறார். சாய்ந்த தளம், நூற்றுக்கணக்கில் ஆட்கள், இரவு. ஒருவன் நெற்றியைத் துடைப்பதற்காக அதையெல்லாம் யார் மறுபடி எழுப்புவார்கள்? அந்த ஷாட்டையே தூக்கினால் லவ்ஜாய் பிழைத்தானா செத்தானா என்று வேறு கேட்பீர்கள்.

எனக்குச் சுவாரசியம் இங்கேதான். லவ்ஜாய் சாகிற ஷாட்டை யாரும் மாற்றவில்லை. ஆனால் சாவு மாறிவிட்டது. எடுத்த கதையில் அவன் பேராசையால் அடிபட்டு, அந்தக் காயத்தோடு செத்தான். வெளியான கதையில் எப்படியோ காயம்பட்ட ஒரு வேலைக்காரன், முதலாளி படகில் ஏறிப் போய்விட, கப்பலோடு போகிறான். கிட்டத்தட்ட பரிதாபம். வழி உண்டாக்கப் போய் அடிபட்டிருப்பான் என்று நீங்கள் மகளிடம் சொன்னீர்களே, இயக்குநர் கேமரூன் எழுதியதைவிட அது கௌரவமான சாவு.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2003-இல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தில், வில்லன் மந்திரவாதி சாருமானின் எடுபிடி கிரிமா எஜமானைக் கத்தியால் குத்திவிட்டு அம்பு பட்டுச் சாகும் காட்சியை எடுத்து, தியேட்டர் பிரதியில் நீக்கிவிட்டார்கள். சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ கோபித்துக்கொண்டார். கிரிமாவுக்காக யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவனுக்கு ஒரு காயம்கூட மிஞ்சவில்லை, பாவம். அடுத்த ஆண்டு நீண்ட பதிப்பில்தான் அவனுக்குச் சாவு கிடைத்தது.

லவ்ஜாயாக நடித்த டேவிட் வார்னர் 2022-இல் காலமானார். 1979-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த 'எஸ்.ஓ.எஸ். டைட்டானிக்'கிலும் அவர் இருக்கிறார். அதில் அவருக்கு லாரன்ஸ் பீஸ்லி வேடம். நிஜமாகவே அந்தக் கப்பலில் பயணம் செய்த அறிவியல் ஆசிரியர், 13-ஆம் எண் படகில் ஏறிப் பிழைத்தவர். ஆக வார்னர் இரண்டு தடவை அதே கப்பலில் ஏறி ஒரு தடவை கரை சேர்ந்திருக்கிறார்.

வெட்டிய காட்சி 2005-இல் வந்த டிவிடி பதிப்பில் இருக்கிறது. மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் சமாளித்தது தெரிந்துவிடும், பரவாயில்லை. அவள்தான் அன்றைக்கே நம்பவில்லையே.