மேலே சொல்லிவிட்டேன், அப்புறம்?

கேள்வி: பதினோரு வருடமாக அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறோம். மகன் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது, அங்கே முன்பு அமெரிக்க ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பட்டர்னோவுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்றான். "பிள்ளைகளைக் கெடுத்தது இவரிடம் முன்பு உதவிப் பயிற்சியாளராக இருந்த சாண்டஸ்கி. இவர் கேள்விப்பட்டதை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். சட்டப்படி அவ்வளவுதானே கடமை? வேறென்ன செய்யணும்?" என்று கேட்டான். நான் கோபத்தில் கத்திவிட்டேன். இரண்டு வாரமாக எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. வரும் கோடையில் அவன் ஒரு சிறுவர் நீச்சல் முகாமில் உதவிப் பயிற்சியாளராகச் சேரப் போகிறான். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அவனிடம் எப்படிப் பேசுவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். பட்டர்னோ மீது வழக்குப் போடப்படவில்லை. நிறுவனத்தில் வேலை செய்பவர் தன் பொறுப்பாளரிடம் தெரிவித்தால் போதும் என்றுதான் அன்றைய பென்சில்வேனியா சட்டம் இருந்தது. மீதிப் பாதிக்கு, நடந்ததை நாள் கணக்கில் பார்க்க வேண்டும்.

2001 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அணியில் உதவியாளராக இருந்த மைக் மெக்குவெரி என்ற இளைஞர் உடை மாற்றும் அறைக்குள் போகிறார். ஷவரில் ஜெரி சாண்டஸ்கியும் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையனும். ஆடிப்போய்த் தன் அப்பாவுக்குப் போன் செய்கிறார். மறுநாள் காலை பட்டர்னோவின் வீட்டுக்கே போய்ச் சொல்கிறார். பட்டர்னோ உடனே போனைக் கையில் எடுக்கவில்லை. அன்று சனிக்கிழமை. மற்றவர்களின் வாரக் கடைசியைக் கெடுக்க விரும்பவில்லை என்று பத்து வருடம் கழித்து கிராண்ட் ஜூரி (வழக்குப் போட ஆதாரம் உண்டா என்று விசாரிக்கும் குடிமக்கள் குழு) முன் அவரே சாட்சியம் சொன்னார். அப்புறம் விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லிக்குத் தகவல் போகிறது. கர்லியும் துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸும் மெக்குவெரியை அழைத்துக் கேட்பதற்குள் சுமார் பத்து நாள் ஓடிவிட்டது.

அரசின் குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிப்பது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு கர்லி, ஜோவிடம் கலந்து பேசியபின் அந்த யோசனை தனக்குச் சரிப்படவில்லை என்று மின்னஞ்சல் எழுதினார். சாண்டஸ்கியையே கூப்பிட்டுப் பேசலாம், இனிமேல் பிள்ளைகளை இங்கே அழைத்து வரக் கூடாது என்று சொல்லலாம் என்றார். பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் சம்மதித்தார். மனிதாபிமானமான வழி என்று பாராட்டவும் செய்தார். அவர் பதிலில் இருந்த ஒரே கவலை, அந்த ஆள் கேட்காமல் போனால் புகார் கொடுக்காததற்காக நாம் மாட்டிக்கொள்வோமே என்பதுதான்.

அந்தப் பையன் யார், எந்த வீட்டுப் பிள்ளை, அன்று இரவு எப்படி வீடு போய்ச் சேர்ந்தான்? நான்கு பெரிய மனிதர்களில் ஒருவர்கூடத் தேடவில்லை. உங்கள் மகனிடம் இதைத்தான் சொல்லச் சொல்வேன். பட்டர்னோ மேலிடத்தில் சொன்னது தவறில்லை. சொன்னதோடு அந்தப் பிள்ளையை மறந்ததுதான் தவறு.

அவர்களுக்கு இது முதல் தகவலும் இல்லை. 1998ல் ஒரு தாய், பதினொரு வயது மகன் ஈரத் தலையோடு வீடு திரும்பியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பல்கலைக்கழகக் காவல்துறையில் புகார் கொடுத்தார். சாண்டஸ்கி அவர் வீட்டுக்கு வந்தபோது துப்பறியும் அதிகாரிகள் மறைந்திருந்து கேட்டார்கள். தான் செய்தது தவறு, உங்களிடம் மன்னிப்புக் கிடைக்காது என்று தெரியும், செத்துப்போயிருக்கலாம் என்று அந்த ஆள் பேசினார். அப்படியும் வழக்கு இல்லாமல் கோப்பு மூடப்பட்டது. "வேறு பிள்ளைகளும் இருக்கிறார்களா?" என்று ஷுல்ட்ஸ் அப்போது தன் கைக்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். கேள்வி அவருக்கே தோன்றியிருக்கிறது. மூன்று வருடம் கழித்து இன்னொரு பிள்ளையைப் பற்றிய தகவல் அவர் மேசைக்கே வந்தது.

சாண்டஸ்கி 1977லேயே 'செகண்ட் மைல்' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கியவர். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கான அமைப்பு அது. அங்கிருந்துதான் பையன்களைத் தேர்ந்தெடுத்தார். ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போவார், பரிசு வாங்கித் தருவார். 2001க்குப் பிறகும் பிள்ளைகள் சிக்கினார்கள். 2008ல் இன்னொரு தாய் தன் மகனின் பள்ளிக்குப் போய்ச் சொன்ன பிறகுதான் விசாரணை ஆரம்பமானது. 2012ல் 45 குற்றங்கள் நிரூபணமாகி, 30 முதல் 60 வருடம் சிறை.

"எல்லாம் தெரிந்த பிறகு யாரும் பேசலாம்" என்று மகன் சொல்லக்கூடும். 2000ல் அதே கட்டடத்தில் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் சாண்டஸ்கியையும் ஒரு பையனையும் பார்த்துவிட்டு, நடுங்கிக்கொண்டே உடன் வேலை செய்பவர்களிடம் சொன்னார். புகார் கொடுத்தால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், அது அமெரிக்க ஜனாதிபதியை எதிர்ப்பது மாதிரி என்று பின்னால் விசாரணையில் சொன்னார். அவர்கள் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பட்டர்னோ யாருக்குப் பயப்பட வேண்டியிருந்தது? 1966லிருந்து தலைமைப் பயிற்சியாளர், 409 வெற்றிகள், வளாகத்து நூலகத்துக்கே அவர் குடும்பப் பெயர். அந்த ஊரில் அவர் ஒரு போன் போட்டிருந்தால் யார் தட்டியிருப்பார்கள்?

2011 நவம்பரில் அவரையும் ஸ்பேனியரையும் நீக்கினார்கள். மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு டிவி வேனைக் கவிழ்த்தார்கள். அவர்கள் கோபம் பயிற்சியாளருக்காக. இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்று பட்டர்னோவே அந்த நாட்களில் வருத்தப்பட்டு அறிக்கை விட்டார். இரண்டே மாதத்தில், 85 வயதில் காலமானார். வளாகத்திலிருந்த அவர் சிலையை எடுத்தார்கள், பல்கலைக்கழகத்துக்கு 6 கோடி டாலர் அபராதம் வந்தது, பழைய வெற்றிகளை ரத்து செய்து 2015ல் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. கர்லி, ஷுல்ட்ஸ், ஸ்பேனியர் மூவரும் 2017ல் பிள்ளைகளின் பாதுகாப்பை ஆபத்துக்குள்ளாக்கியதற்காகத் தண்டிக்கப்பட்டு, சில மாதங்களாவது சிறை என்று தீர்ப்பானதே, அதைப் பெரிதாக நினைக்கிறேன். பதவியில் இருந்தவர்கள் கூண்டில் நின்றார்கள்.

பட்டர்னோவை ராட்சசன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஆசிரியையாக இருந்த காலத்தில், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி திடீரென்று கோ-கோ பயிற்சிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். காரணம் கேட்டேன். பாவாடை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி நின்றாள். தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "நான் பார்த்துக்கிறேன் டீச்சர்" என்றார். அப்பாடா என்று வீட்டுக்கு வந்து சமையலைப் பார்த்தேன். அடுத்த ஜூனில் அவள் இல்லை, டி.சி. வாங்கிப் போய்விட்டாள் என்றார்கள். அவர் பார்த்தாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. போக்சோ சட்டம் அப்போது கிடையாது. இருந்தாலும் கேட்க எனக்கு வாய் இருந்தது.

இனி முகாம் விஷயம். அங்கே சேருமுன் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றுகளைக் கேட்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். 2011 வரை சாண்டஸ்கி மீதும் ஒரு வழக்குகூடக் கிடையாது. முகாமின் தலைமைப் பயிற்சியாளர் எல்லோருக்கும் பிடித்தவராக இருந்து, அவரைப் பற்றியே ஏதாவது கண்ணில் பட்டால் அந்த நிமிடம் என்ன செய்வாய் என்று கேளுங்கள். "இன்சார்ஜிடம் சொல்வேன்" என்றால், அதற்கு முன் அந்தப் பிள்ளையை அங்கிருந்து அழைத்துக்கொண்டு வர வேண்டாமா என்று கேளுங்கள். 2014ல் மாற்றிய சட்டப்படி, பிள்ளைகளைக் கவனிக்கும் வேலையில் இருப்பவர் சந்தேகம் வந்தால் தானே நேராக மாநிலத்தின் சைல்ட்லைனுக்குத் தெரிவிக்க வேண்டும். 1-800-932-0313. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பொறுப்பாளரிடம் சொல்வது அதற்குப் பிறகுதான். நிரூபிக்கும் வேலை அவனுடையது இல்லை. ஒரு வாரம் கழித்து, அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது, முகாமுக்கு வருகிறதா என்று விசாரிப்பது அவன் வேலை.

இதையெல்லாம் ஒரே நாளில் பேசிவிடாதீர்கள். முதலில் நீங்களே போன் செய்து, அன்றைக்குக் கத்தியதற்கு வருத்தம் சொல்லுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பியுங்கள்.