ஃபில்டர் முகம் கேட்கும் மகளுக்கு ஊசி போடலாமா?

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஓராண்டாக இன்ஸ்டாகிராமில் ஃபில்டர் போடாத படம் எதையும் பதிவிடுவதில்லை. தன் மாநிறத்தையும் மூக்கையும் குறைசொல்லிக்கொண்டே இருக்கிறாள். உறவினர் திருமணங்களுக்கு வர மறுக்கிறாள். நிறம் கூடுவதற்குக் குளுட்டாதயோன் ஊசி வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா? ‘மொபைல் அடிமை மீட்பு’ மையம் ஒன்று மூன்று மாதப் பயிற்சிக்கு முழுத்தொகையையும் முன்பணமாகக் கேட்கிறது, சேர்க்கலாமா?
— ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஊசி வேண்டாம். முன்பணமும் கட்ட வேண்டாம். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் உள்ள எல்லோருடைய கைப்பேசியும், உங்களுடையது உட்பட, கூடத்தில் இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆய்வொன்று 2021-இல் வெளியே கசிந்தது. தங்கள் உடலைப் பற்றி மனம் நொந்திருக்கும் வேளையில் இன்ஸ்டாகிராம் அந்த வேதனையை மேலும் கூட்டியதாகப் பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர் அதில் கூறியிருந்தனர். முன்பே நொந்திருக்கும் மனத்தைத்தான் அது அதிகம் தாக்குகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனவே ‘வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாயே’ என்று உங்கள் வீட்டில் யார் சொன்னார்கள், எத்தனை முறை சொன்னார்கள் என்று முதலில் யோசியுங்கள். அந்தப் பேச்சை நிறுத்தாமல் கைப்பேசியை மட்டும் பறித்தால், தோழிகளிடம் மனம்விட்டுப் பேசும் ஒரே வழியையும் அவள் இழப்பாள்.

மூக்கைப் பற்றிய கவலைக்கு ஓர் எளிய விளக்கம் உண்டு. ஓர் அடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில், ஐந்து அடி தூரத்திலிருந்து எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-இல் கணக்கிட்டுக் காட்டினர். இரண்டு தூரங்களிலும் அவளைப் படம் எடுத்து, அருகருகே வைத்து அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில்தான் குடும்பங்கள் மிக அதிகமாக ஏமாற்றப்படுகின்றன. தோலை வெளுப்பாக்குவதற்கென்று குளுட்டாதயோன் ஊசிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம் என்று பிலிப்பைன்ஸ் அரசு பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தது. ஊசி வேண்டாம் என்றதும் அழகு நிலையத்தார் ஒரு கிரீமை நீட்டுவார்கள். பெயர்ச்சீட்டில் உட்பொருள் விவரம் இல்லாத அத்தகைய கிரீம்களில் பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ கலந்திருக்கக்கூடும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2023-இல் பலருக்குச் சிறுநீரக நோய் வந்ததற்குப் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களே காரணம் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்டீராய்டு கிரீம் முதல் சில வாரங்களுக்கு முகத்தைப் பளபளப்பாக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். நிறுத்தியவுடன் முகம் சிவந்து எரியும், பருக்கள் வெடிக்கும். ஸ்டீராய்டு கிரீம்களில் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் விதி வந்தது. அந்த விதியை மதித்துச் சீட்டு கேட்கும் மருந்துக் கடைகள் எத்தனை என்பதை நீங்களே அறிவீர்கள். சோதிக்க வேண்டியவர்கள் சோதிப்பதில்லை, சிதைந்த முகத்தோடு பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள்.

அந்த மையத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் மகளைப் பார்க்கப்போகிறவரின் பதிவு எண் என்ன? மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ள வார இறுதிச் சான்றிதழே போதும் என்ற நிலை இன்னும் நீடிப்பது எனக்குத் தாங்க முடியாத ஆத்திரத்தைத் தருகிறது. முன்பணமாக முழுத்தொகை கேட்பவரிடமும் ‘மூளையை ஸ்கேன் செய்து அடிமைத்தனத்தைக் காட்டுகிறோம்’ என்பவரிடமும் போகவே போகாதீர்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சை மாற்றுவதும், மனத்தை நோகடிக்கும் கணக்குகளைப் பிள்ளையே நீக்க உடனிருந்து உதவுவதும், தூக்கத்தைச் சீராக்குவதுமே போதும். விதிவிலக்கு ஒன்று உண்டு. உங்கள் மகள் திருமணங்களைத் தவிர்ப்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிய ஒரு குறையைப் பெருங்கோரமாக நம்பி, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதையே நினைத்து, கண்ணாடி முன்பே நிற்பது அல்லது கண்ணாடியையே தவிர்ப்பது, ‘என் மூக்கு அசிங்கமாக இருக்கிறதா’ என்று ஓயாமல் கேட்பது, அதனால் பள்ளிக்குப் போகாமல் இருப்பது ஆகியவை பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்னும் நோயின் அடையாளங்கள். இது கைப்பேசிப் பழக்கமும் அல்ல, கர்வமும் அல்ல. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோயோடு (ஓசிடி) உறவுடைய நோய். இதற்கு ‘நீ அழகாய்த்தான் இருக்கிறாய்’ என்று நூறு முறை சொன்னாலும் பயனில்லை. மூக்கை அறுவைசெய்து மாற்றினாலும் பெரும்பாலும் நிறைவு வராது. கவலை வேறோர் உறுப்புக்குத் தாவிவிடும். உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் நல்ல பலன் தரும்.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் காட்டுங்கள். கட்டணம் இல்லை, ஆனால் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆகவே நான் மேலே சொன்ன அடையாளங்களில் எவை எத்தனை நாளாக உள்ளன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு முன் பேச வேண்டுமானால் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். அவள் சாப்பாட்டை அடியோடு குறைத்தாலோ, உடலைக் கீறிக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ புறநோயாளி நேரத்துக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.