‘டீச்சராக முடிந்துபோனவர்’

கேள்வி: சென்ற இதழில் ஆன்ரியெத் ரெனியே என்ற பிரெஞ்சு ஹார்ப் கலைஞரைப் பற்றி மூன்று பக்கம் போட்டிருந்தீர்கள். சின்ன வயதில் அவ்வளவு பெயர் வாங்கியவர், கடைசியில் பாடம் சொல்லிக்கொடுத்தே டீச்சராக முடிந்துபோனார். அவருக்கு எதற்கு மூன்று பக்கம்? நம் ஊரில் யார் ஹார்ப் வாசிக்கிறார்கள்? என் மகள் பதினான்கு வருடம் வீணை கற்றவள். கச்சேரிக்கு முயற்சி செய்யாமல் கிளாஸ் எடுக்கப்போகிறேன் என்கிறாள். உங்கள் கட்டுரையைக் காட்டித்தான் என்னிடம் வாதாடுகிறாள்.
- ஒரு வாசகி, மேற்கு மாம்பலம் (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: ‘முடிந்துபோனார்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள், அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

ரெனியே 1875-இல் பாரிஸில் பிறந்தவர். எட்டு வயதில், நிமிர்த்தி வைத்து விரல்களால் மீட்டும் ஹார்ப் என்ற அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தைக் கற்க உட்கார்ந்தபோது கால் பெடலுக்கு எட்டவில்லை. அப்பா அந்தப் பெடல்களை நீட்டி, குழந்தையின் காலுக்கு எட்டும்படி செய்துகொடுத்தார். பதினோரு வயதில், 1887-இல், பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் முதல் பரிசு. பன்னிரண்டு வயதிலேயே பாடம் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வந்தவர்களில் பலருக்கு அவரைப் போல் இரண்டு மடங்கு வயது. ஆக, மேடை கைவிட்ட பிறகு வேறு வழியில்லாமல் அவர் பாடம் சொல்லப் போகவில்லை. இரண்டும் ஒன்றாகவே தொடங்கின, ஒன்றாகவே நடந்தன. 1901-இல் தாமே எழுதிய கான்செர்ட்டோவை ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார். ஆர்க்கெஸ்ட்ராவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஹார்ப்பைத் தனிக்கச்சேரி வாத்தியமாக முன்னால் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். எண்பது வயதில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புகூட மேடையில் வாசித்தார். இதெல்லாம் கட்டுரையிலேயே இருந்தது. நீங்கள் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்களோ என்று தோன்றுகிறது.

அவருக்கு நடந்த அநியாயமும் பாடம் சொல்லும் இடத்தில்தான் நடந்தது. 1912-இல் அவருடைய குரு ஹாசெல்மன்ஸ் உடல் தளர்ந்தபோது, கன்சர்வேட்டரியில் தன் இடத்துக்கு ரெனியேதான் வர வேண்டும் என்று விரும்பினார். அது அரசாங்க நிறுவனம். ரெனியே ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்று உள்ளவர், அதை மறைத்ததும் இல்லை. மதத்தையும் அரசையும் பிரித்துவைக்கப் போராடிய அன்றைய பிரான்சில் அது குற்றமாகப் பட்டது. பதவி மார்செல் தூர்னியேவுக்குப் போனது. சரி, அதற்காக அவர் முடங்கிப்போனாரா? 1914-இல் தம் பெயரிலேயே ஹார்ப்புக்கு ஒரு போட்டி தொடங்கினார். வீட்டிலேயே மாணவர்களை வளர்த்தார். 1946-இல் தம் பயிற்சி முறை முழுவதையும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அவரிடம் கற்ற மார்செல் கிராஞ்ஜனி, நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் 1938 முதல் 1975-இல் இறக்கும்வரை ஹார்ப் சொல்லிக்கொடுத்தார். ரெனியேயின் கைப்பழக்கம் அப்படியே கடல் தாண்டிப் போயிற்று. இதற்குப் பெயர் முடிந்துபோவதா?

அந்த வாத்தியத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 47 தந்திகள், 7 பெடல்கள். சுரத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை. இத்தனை தந்திக்கு நடுவில் கண் தடுமாறாமல் இருக்க, ‘ச’ போன்ற ஒரு சுரத்தின் தந்திகளெல்லாம் சிவப்பு, இன்னொரு சுரத்தின் தந்திகளெல்லாம் கறுப்பு. சுண்டுவிரலைப் பயன்படுத்துவதில்லை, கைக்கு நான்கு விரல்தான். தந்தியை மீட்டியதும் விரல் உள்ளங்கைக்குள் மடங்கி வந்துவிட வேண்டும். இதைப் புத்தகத்தில் படம் போட்டு விளக்கலாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் தோள் இறுகியிருப்பதால்தான் விரல் மடங்கவில்லை என்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அடுத்து, நம் ஊரில் யார் ஹார்ப் வாசிக்கிறார்கள் என்ற கேள்வி. எனக்கு வலித்தது இதுதான். நாம் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம், அம்மா. யாழ் என்பது வேறென்ன?

பொருநராற்றுப்படையில் யாழை வருணிக்கும் இடத்தை எடுத்துப் பாருங்கள். மான் குளம்பு பதிந்த தடம்போல நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் தாழ்ந்த பத்தர், அதாவது யாழின் குடம். விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துக் கட்டிய தோல். வளையில் இருக்கும் நண்டின் கண்போல, துளையை அடைத்து முடுக்கிய ஆணிகள். படம் எடுத்த பாம்புபோல நிமிர்ந்த கோடு, அதாவது தந்தி கட்டும் தண்டு. கறுத்த பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்போல, தந்திகளை இறுக்கும் வார்க்கட்டுகள். எழுதிய புலவர் அந்த வாத்தியத்தை மடியில் வைத்துப் பார்க்காமல் நண்டின் கண்ணுக்குப் போயிருக்க முடியாது. சிலப்பதிகார உரையில் பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று கணக்கே இருக்கிறது. விபுலானந்த அடிகள் பல வருடம் உழைத்து, இதையெல்லாம் ஆராய்ந்து 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். அதே ஆண்டில் மறைந்தார்.

வருணனை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, ஆராய்ச்சி இருக்கிறது. வாசிக்கும் கைதான் இல்லை.

யாழில் ஒரு தந்திக்கு ஒரு சுரம்தான், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் வராது, அதனால் வீணை வந்ததும் அது ஒதுங்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே குறை ஐரோப்பிய ஹார்ப்புக்கும் இருந்தது. அவர்கள் கொக்கி வைத்தார்கள், பெடல் வைத்தார்கள், 1810-இல் எரார் என்பவர் இன்றைய பெடல் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பர்மாவுக்கு வாருங்கள். அங்கே ‘சவுங்’ என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. வில்போல வளைந்த கோடு, படகு போன்ற உடல், 16 தந்தி. பார்த்தால் நம் யாழின் கூடப் பிறந்ததுபோலவே இருக்கும். அங்கே இடது கைக் கட்டைவிரலால் தந்தியை அழுத்திச் சுரத்தை உயர்த்திக்கொள்கிறார்கள். 1885-இல் மண்டலே அரண்மனை ஆங்கிலேயரிடம் போனது, ராஜா போனார், சவுங் போகவில்லை. அரண்மனையில் வாசித்தவர்கள் வெளியே வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குறை எல்லா ஊர் வாத்தியத்திலும் இருந்தது. நம்மிடம் சொல்லிக்கொடுக்கும் சங்கிலி அறுந்தது. யாழ் வாசித்த பாணர்களை நாம் எங்கே கொண்டுபோய் நிறுத்தினோம் என்பதும் அந்தக் கதையில் சேர்த்திதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஓர் அறைக்குள் கரையான் அரித்துக் கிடந்தன, மிஞ்சியதைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்து நடந்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்வதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பாட்டு கிடைத்துவிட்டது, பண் தெரியவில்லை. ஏட்டில் ராகம் ஒலிக்காதே. திருஎருக்கத்தம்புலியூரில், சம்பந்தரோடு யாழ் வாசித்துப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண் இருந்தாள். அவளைத் தேடிப்போய்த்தான் பண்களைக் கேட்டு அமைத்துக்கொண்டார்கள்.   அவள் பேர்கூடப் புராணத்தில் இல்லை. அந்த மரபில் வந்தவள், கேட்டபோது பண்ணை எடுத்துக் கொடுத்தாள். இன்றைக்கு மயிலாப்பூரில் ஓதுவார் பாடுவதைக் கேட்டு நீங்கள் கண் கலங்கினால், அதில் அவளுக்குப் பங்கு உண்டு.

சென்னைக்கே வருவோம். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வாசிப்பு என்றால் பெரிய பெரிய வித்வான்கள் போய் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர் 1938-இல் காலமானார். அந்தப் பாணி எப்படி நம் கைக்கு வந்தது? பேத்தி பிருந்தா வந்தார். முசிறி சுப்பிரமணிய ஐயர் தலைமையில் 1949-இல் தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் பிருந்தா பாடம் எடுத்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி அவரிடம் பதம் என்ற பாடல் வகையைக் கற்றார், ராம்நாட் கிருஷ்ணன் கற்றார், அருணா சாய்ராம் கற்றார். பிருந்தாவின் கச்சேரிக்குப் பெருங்கூட்டம் கூடியதில்லை. ஆனால் அவர் பாடம் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமைகளில் எதுவும் நம்மிடம் மிஞ்சியிருக்காது.

என் அத்தை திருவல்லிக்கேணியில் வீணை சொல்லிக்கொடுத்தார். கூடத்தில் பாய், பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். பிள்ளை காந்தாரத்தை இழுக்கும்போது சுரம் எட்டவில்லையென்றால் திட்ட மாட்டார். தன் இரண்டு விரலையும் பிள்ளையின் விரல்மேல் வைத்து, கூடவே தந்தியை இழுப்பார். சரியான இடம் வந்ததும் மெதுவாகத் தன் கையை எடுத்துவிடுவார். தந்தி அங்கேயே நிற்கும். பிள்ளை திரும்பிப் பார்க்கும், யார் வாசித்தது என்று தெரியாமல். மே மாத வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால், ஒவ்வொரு பிள்ளையின் வீணையையும் தொட்டுப் பார்த்து அனுப்புவார். அவரிடம் பன்னிரண்டு வருடம் கற்ற ஒரு பெண் மார்கழியில் ஒரு சபாவில் வாசித்தபோது, அச்சடித்த குறிப்பில் அத்தையின் பெயர் இல்லை. கேட்டதற்கு, இடம் போதவில்லை என்றார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாளை மடித்து வீணைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தத் தாள்தான் கண்முன் வந்தது.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. பதினான்கு வருடம் கூட்டிக்கொண்டு போய், வெளியே காத்திருந்து, தந்தி வாங்கி, பரீட்சை நாளில் மல்லுக்கட்டி வளர்த்திருக்கிறீர்கள். அவளை ஒரு மேடையில் பார்க்க ஆசைப்படுவது தப்பே இல்லை. அதை அவளிடமே சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு கச்சேரியாவது வாசி, அம்மாவுக்காக, என்று கேளுங்கள். வாசிப்பாள். வாசிக்கவும் வேண்டும். கை பழக்கத்தில் இருந்தால்தான் பாடமும் உயிரோடு இருக்கும். கிளாஸ் எடுத்தால் வருமானம் நிதானமாகத்தான் வரும், அதையும் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மேடை கிடைக்காதவர்கள் செய்கிற வேலை என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள்.

சென்னையிலேயே இளைஞர் ஒருவர் சில வருடங்களாகத் தன் கையால் யாழ் செய்து வாசித்துக் காட்டுகிறார். அந்த யாழுக்கு நாளைக்கு ஒரு பிள்ளை வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து விரல் பிடித்துக் காட்டப் பாட்டி தாத்தா வழியில் யாரும் இல்லை. எல்லாவற்றையும் அவரே முதலிலிருந்து கண்டுபிடித்தாக வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவள் விரலில் அவளுடைய குருவின் விரல் இருக்கிறது.

கிளாஸ் தொடங்குவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். அவளிடம் இருப்பது ஒரு வீணைதான் என்றால், தஞ்சாவூருக்குப் போய் நல்ல பலா மரத்தில் இன்னொன்று சொல்லிவையுங்கள், செய்து முடிக்க நாளாகும். ஒரே வீணையை மாற்றி மாற்றி வாங்கிப் பாடம் நடக்காது. டீச்சர் மடியில் ஒன்று, எதிரில் பிள்ளையின் மடியில் ஒன்று வேண்டும்.