2.3 கிகாஹெர்ட்ஸா, 2.0 கிகாஹெர்ட்ஸா: எந்த போனை வாங்கலாம்?

கேள்வி: அப்பாவுக்காகப் பழைய போன் ஒன்று தேடுகிறேன். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்றில் மீடியாடெக் ஹீலியோ ஜி35 ப்ராசஸர் சிப், 2.3 கிகாஹெர்ட்ஸ். மற்றதில் ஹீலியோ ஜி85, 2.0 கிகாஹெர்ட்ஸ். இரண்டும் எட்டு கோர், 4 ஜிபி ராம், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2.3 தான் வேகம் என்கிறார் கடைக்காரர். அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், ஜி85 உள்ளதையே வாங்குங்கள்.

கிகாஹெர்ட்ஸ் என்பது ப்ராசஸரின் கடிகாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற கணக்கு. 2.3 என்றால் 230 கோடி துடிப்பு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அது கோரின், அதாவது ப்ராசஸருக்குள் கட்டளைகளைச் செய்து முடிக்கும் ஒவ்வொரு பகுதியின், வடிவமைப்பைப் பொறுத்தது.

ஜி35-இல் எட்டுமே கார்டெக்ஸ் ஏ53 கோர்கள். ஆர்ம் நிறுவனம் 2012-இல் அறிவித்த, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர் அது. கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். ஒன்றுக்கு வேண்டிய தகவல் மெமரியிலிருந்து வரத் தாமதமானால், பின்னால் நிற்பவையும் காத்திருக்க வேண்டியதுதான். உலை கொதிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சமையல்காரர் மாதிரி. ஜி85-இல் இருக்கும் இரண்டு ஏ75 கோர்கள் அந்த நேரத்தில் காயை நறுக்கி, தேங்காயையும் துருவிவிடும். அதாவது, வரிசையில் பின்னால் இருந்தாலும் தகவல் தயாராக உள்ள கட்டளைகளை முதலில் முடித்துவிடும்.

மீதி ஆறும் 1.8 கிகாஹெர்ட்ஸ் ஏ55 தானே என்று தயங்க வேண்டாம். ஆப் திறப்பது, பக்கத்தை உருட்டுவது போன்ற வேலைகளின் பாரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்கள்மேல்தான் விழுகிறது. அவை வலுவாக இருந்தால் போதும்.

விலை உயர்ந்த போன்களிலும் இதே கதைதான். 2019-இல் வந்த ஐபோன் 11-இன் ஏ13 சிப் 2.65 கிகாஹெர்ட்ஸ், அந்த ஆண்டு ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த ஸ்னாப்டிராகன் 855 சிப் 2.84. கோருக்குக் கோர் பார்த்தால் ஏ13 தெளிவாக முந்தியது.

இன்னொன்று, அட்டையில் போட்டிருப்பது உச்ச வேகம் மட்டுமே. போன் சூடேறினால் அது தானாகவே குறையும்.

சேமிப்பகத்தைப் பொறுத்தவரை இரண்டு சிப்பும் ஏற்பது இஎம்எம்சி என்ற ஒரே வகையைத்தான், அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் பழைய போன் அல்லவா, சேமிப்பகம் நிரம்பிக் கிடந்தால் நல்ல சிப்பும் திணறும். ரீசெட் செய்து தரச் சொல்லுங்கள். அப்புறம் பேட்டரி சேவரை அணைத்துவிட்டு, இரண்டு போனிலும் கேமராவைத் திறந்து, வேறு ஆப்புக்குப் போய், மறுபடி கேமராவுக்கு வந்து, எது வேகம் என்று பாருங்கள். கடைக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள்.