சரிவைக் காட்டுவது எந்த கேமரா?

கேள்வி: ஹெல்மெட்டில் கேமரா மாட்டி எடுத்த பனிச்சறுக்கு வீடியோக்களில், எவ்வளவு செங்குத்தான மலை என்று சொன்னாலும் ஏதோ மைதானத்தில் சறுக்குவது போலத்தான் இருக்கிறது. பெரிய படங்களில் மட்டும் அடிவயிறு கலங்குகிறதே, எப்படி?

பதில்: லென்ஸ்தான் முக்கியக் காரணம். ஹெல்மெட் கேமராவில் இருப்பது வைட் ஆங்கிள் லென்ஸ். பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்துப் பள்ளத்தை இன்னும் தள்ளி வைத்துவிடும். தலை குனிந்தால் கேமராவும் குனிகிறது, எது நேர் எது சாய்வு என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணுக்கு ஒரு பிடி கிடைப்பதில்லை. அதே ஓட்டத்தை எதிர் மலையிலிருந்து, தூரத்தைப் பக்கத்தில் இழுக்கும் டெலி லென்ஸில் எடுத்தால் சரிவு சுவர் மாதிரி எழுந்து நிற்கும், ஆள் அதில் ஒரு புள்ளியாக இறங்குவார், அப்போதுதான் நமக்கு உயரம் உறைக்கும். வேகத்துக்கு மட்டும் ஹெல்மெட் கேமராவை நம்பலாம், அதுவும் மரங்களுக்கு நடுவே புகுந்து போகும்போது.

கேள்வி: எதற்கெடுத்தாலும் ஸ்லோமோஷன், சத்தமான பாட்டு. ரசிகர்கள் இதைத்தான் கேட்கிறார்களா?

பதில்: எனக்கும் இதில் வருத்தம் உண்டு. பின்னாலிருந்து வெயில் அடிக்க, பனித்தூள் தெறிக்கும் ஒரு திருப்பத்தை மெதுவாகக் காட்டினால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே மெதுவானால் வேகமும் போய்விடும், உடம்பின் கனமும் போய்விடும். சறுக்கத் தெரிந்த ரசிகர் எதிர்பார்ப்பது வேறு: உச்சியிலிருந்து அடிவாரம் வரை வெட்டில்லாத ஒரே ஷாட். குதித்ததைக் காட்டிவிட்டு, கால் ஊன்றுவதற்கு முன்பே வெட்டினால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். சறுக்கவே தெரியாதவருக்கும் அந்த நீண்ட ஷாட் பிடிக்கும், ஏனென்றால் விழுந்துவிடுவாரோ என்று பயப்பட அதில் நேரம் கிடைக்கிறது.

1977-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ'யின் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். கனடாவின் பேஃபின் தீவில் உள்ள ஆஸ்கார்ட் மலையிலிருந்து, பாண்டுக்காக ஸ்டண்ட் செய்த ரிக் சில்வெஸ்டர் ஸ்கீயோடு பாய்கிறார். இசை நின்றுவிடுகிறது, பாராசூட் விரியும்வரை அவர் விழுந்துகொண்டே இருக்கிறார், படமும் வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பல கேமராக்கள் வைத்தும் அந்தப் பாய்ச்சல் முழுதாகச் சிக்கியது ஒன்றில்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். புதுப்பனியில் படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இதே நெருக்கடிதான்: ஒரு முறை சறுக்கிவிட்டால் தடம் விழுந்துவிடும், அடுத்த டேக் வேண்டுமென்றால் வேறு சரிவைத் தேட வேண்டும், இல்லை அடுத்த பனிப்பொழிவுவரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் எடுத்தால் பனி சாம்பல் நிறமாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்), வெண்மை வெந்துபோகாத அளவுக்கு. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், பனியின் மேடுபள்ளம் நிழலில் தெரியும். மேகம் மூடிவிட்டதா? சரி, திறந்த சரிவை விட்டுவிட்டு மரங்களுக்குள் போய்விடுங்கள்.