செதில் வெடித்தும் சீழ் பிடிக்காதது ஏன்?

கேள்வி: எனக்குப் பல வருடமாக சோரியாசிஸ். முழங்கை, முழங்கால் எல்லாம் செதிலாக உரிந்து ரத்தம் கசியும். ஆனால் சீழ் பிடித்ததே இல்லை. அக்கா மகனுக்கு எக்ஸிமா. சொறிந்தால் போதும், புண்ணாகி ஆன்டிபயாடிக் வரை போய்விடுகிறது. இது என்ன கணக்கு டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. இரண்டு நோயிலும் தோல் பாழாகிறது, ஆனால் கிருமிக்குக் கொண்டாட்டம் எக்ஸிமாவில்தான். காரணம், நம் தோலே சுரக்கும் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகள். சோரியாசிஸ் தோலில் அவை ஏராளம். எக்ஸிமா தோலில் அந்த அளவுக்கு இல்லை என்று 2002இல் காட்டினார்கள்.

அவற்றில் ஒன்றின் பெயர் எல்எல்-37. 37 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதத் துண்டு. இதற்கு நேர்மின்னேற்றம், பாக்டீரியாவின் சவ்வுக்கு எதிர்மின்னேற்றம். போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் குலைத்துவிடும். கூடவே நோயெதிர்ப்பு செல்களையும் அந்த இடத்துக்குக் கூப்பிடும். காயம் பட்டால் இது நல்லதுதான்.

உங்களுக்கு வில்லங்கம் இங்கேதான். செத்த செல்களிலிருந்து சிந்தும் நம் டிஎன்ஏவை உடல் சத்தமில்லாமல் சிதைத்துவிடும். ஆனால் டிஎன்ஏவுக்கும் எதிர்மின்னேற்றம்தானே? எல்எல்-37 அதையும் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அது சிதைவதில்லை; டென்ட்ரிடிக் செல் என்ற நோயெதிர்ப்புக் காவல் செல்லுக்குள் நுழைகிறது. அந்தச் செல்லோ ஏதோ வைரஸ் வந்துவிட்டதாகப் பதறி இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைக் கொட்டுகிறது. 2007இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. பிறகு டி செல்கள் என்ற இன்னொரு வகை நோயெதிர்ப்பு செல்கள் கிளம்பும். அவை விடும் ஐஎல்-17 என்ற அழற்சியைத் தூண்டும் புரதம், தோலை இன்னும் பெப்டைடு சுரக்க வைக்கும். அந்த ஐஎல்-17ஐ அடக்கும் ஊசி இப்போது உண்டு. போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு வாயில் வெள்ளைப் பூஞ்சை வரும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செதிலைச் சுரண்டுபவர்கள் நிறைய. செதில் வந்ததும் அடியில் ஊசி குத்தியதுபோல் ரத்தப் பொட்டுகள் தெரியும். சீழ்தான் பிடிக்காதே என்று நீங்களும் பிய்க்காதீர்கள். சோரியாசிஸ்காரர்களுக்குப் புதுக் காயம் பட்ட இடத்திலும் படை கிளம்பலாம்.

கேள்வி: வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டால் இந்தப் பெப்டைடு கூடுமா?
- வாசகர், கரூர்

பதில்: வைட்டமின் டி எல்எல்-37 மரபணுவை முடுக்கிவிடும் என்பது உண்மை. அதற்காக நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் சாப்பிடுங்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.